கடல் தரகர் வளர்த்த பாசி

திண்டுக்கல் மாவட்டத்தில், தன் வீட்டுத் தண்ணீர் போதுமான அளவு உப்பாக இல்லை என்று புகார் சொன்ன ஒரே மனிதர் கடல் தரகர்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் இயங்கும் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் நான் கெமிஸ்ட். ஐந்து வருடமாக இந்த வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் பாட்டில்களில் ஏறி என் மேசைக்கு வந்து போகின்றன. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான்: "உப்புத்தண்ணி மேடம். பருப்பு வேக மாட்டேங்குது, முடி கொட்டுது, குழாய் அடைக்குது." அந்த உப்புக்கும் கடலுக்கும் எந்த உறவும் கிடையாது. பாறையும் சுண்ணாம்பும் கரைந்த தண்ணீர் அது. ஆனால் வாயில் வைக்க முடியாத எல்லாத் தண்ணீருக்கும் எங்கள் பக்கத்தில் உப்புத்தண்ணி என்றுதான் பெயர்.

ஒரு கோடைக்காலக் காலையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மாடியேறி வந்தார். தோளில் பச்சைத் துண்டு, இடுப்பில் பெல்ட், அன்று பிறந்த ஆட்டுக்குட்டியைப் போல மார்போடு அணைத்த ஒரு தண்ணீர் பாட்டில்.

"தாயி, இதுல உப்பு எம்புட்டு இருக்குன்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். "லிட்டருக்கு ரெண்டு கிராம்யா."

"கடல்ல எம்புட்டு இருக்கும்?"

"முப்பத்தஞ்சு கிராம்."

அவர் முகம் தொங்கிப்போனது. "ஊரே உப்பு உப்புன்னு கத்துதேன்னு நம்பிட்டேன். இம்புட்டுதானா? பாதிக் கடலாச்சும் எங்க போர்லயே கெடக்குன்னுல்ல நெனச்சேன்!"

எங்கள் மேனேஜர் அந்தோணி சார் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "அய்யா, வீட்ல கடல் போடப் போறீங்களா?"

"ஆமா சார். மூணு அடிக்கு."

அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கடல் தரகர். பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தரகர் என்பது உண்மை. அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தையில் அவர் முப்பது வருடத் தரகர். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்துப் பிடித்து எண்ணைச் சொல்வார்கள். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. பேச்சு முடிந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் முடித்த பேச்சை வெளியே வந்து மாற்றாத மனிதர் என்பதுதான் எங்கள் தரகரின் ஒரே சொத்து. அவர் தலை தெரிந்தால் ஆட்டின் பல்லைக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

அவருக்குக் கடல் எதற்கு?

அவர் மகள் பவித்ரா அப்போதுதான் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கம் போய் மீன்வளப் படிப்பு படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தரகர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து தன் தரப்பைச் சொன்னார்.

"ஆடுன்னா பல்லப் புடிச்சுப் பாத்து வயசு சொல்லிருவேன். மாடுன்னாக்கூட ஏதோ சொல்லுவேன். கடலப் பத்தி எனக்கு என்னா தெரியும்? தெரியாத சரக்குக்கு முன்ன நின்னு நான் பேசுனதே இல்ல தாயி. அதான், கொஞ்சூண்டு கடல வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சுப் பாத்துருவோம்னுட்டேன். ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள் முடியிறப்ப தொட்டியில மீனு உசுரோட நீந்தணும். நீந்துனா அவ போறா. இல்லன்னா இங்கயே பி.காம்."

"பொண்ணு ஒத்துக்கிச்சாய்யா?"

"துண்டு போட்டு விரலப் புடிச்சு முடிச்சோம். மொதல்ல நாலு வெரலு, அப்புறம் அஞ்சும் மூணும். அவதான் புடிச்சா. நாப்பதுதான் கேட்டேன், எட்டு நாள் கூடக் கேட்டு வாங்கிட்டா. தரகன் மகள்ல!"

பெருமையாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான், கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் நான், எம்.எஸ்சி. என்று பெயருக்குப் பின்னால் எழுதி, அதன்மேல் கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் கொடுக்கிற முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஒரு பெண்ணின் படிப்பை மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார் இந்த மனிதர் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அளக்கும் கருவி எங்கள் கூடத்தில் இல்லை.

ஆனாலும் சொன்னேன். கடல்மீன் கடையில் விற்கும் உப்புப் பொடியைச் சுத்திகரித்த தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், போர் தண்ணீர் ஆகாது என்றேன். சொன்னபடியே செய்தார். மதுரையில் ஒரு கடையில் கண்ணாடித் தொட்டி, உப்பு, மணல், அவர்கள் தொட்டியில் ஊறிக் கிடந்த பாறைக்கல் இரண்டு, ஒரு விளக்கு எல்லாம் வாங்கி, ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கடலை ஏற்றினார்.

ஆறாம் நாள் பாட்டிலோடு வந்து நின்றார். "சைக்கிள் ஆயிருச்சான்னு பாரு தாயி."

அந்தோணி சார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "சைக்கிள் கடை கீழ எறங்கி ரெண்டாவது சந்துங்கய்யா."

"அது இல்ல சார். கடைக்காரன் சொன்னான், தொட்டி சைக்கிள் ஆகணும், அதுக்கு முன்ன மீன விட்டா செத்துரும்னு. என்னா சைக்கிள், எங்க ஓடுதுன்னு கேட்டேன். நேத்துத்தான் பொறந்தவனப் பாக்குற மாதிரி பாத்தான்."

நான் விளக்கினேன். மீன் போடும் கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். அதைத் தின்று வேறொன்றாக மாற்றும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் முதலில் தொட்டியில் குடியேற வேண்டும். முதல் கூட்டம் மாற்றியதை இரண்டாம் கூட்டம் தின்று இன்னும் சாதுவாக்கும். இந்த வட்டம் சுற்றத் தொடங்குவதைத்தான் சைக்கிள் என்கிறார்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். அமோனியா பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் மீன்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொடையில் தட்டினார். "அட, இது கெடை போடுறது தாயி!"

அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை அடைத்துவைத்தால் புழுக்கை விழும், மண் அதைச் செரித்துக்கொள்ளும், அடுத்த வெள்ளாமைக்கு உரமாகும். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். நான் இரண்டு வருடம் எம்.எஸ்சி. படித்துப் புரிந்துகொண்டதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

அடுத்த வாரம் தொட்டியில் பழுப்புப் பாசி வந்தது. மணல், கல், கண்ணாடி எல்லாவற்றின்மேலும் யாரோ காப்பித்தூளைத் தூவியதுபோல் படிந்திருக்கிறது என்று செல்போனில் படம் காட்டினார். புதுத் தொட்டிக்கு இது வரும், தானாகப் போகும், தொடாதீர்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அந்தத் தலையாட்டல் சம்மதமில்லை, பரிதாபம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிடை போட்ட வயலில் புல் முளைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஆட்டுத் தரகருக்குப் பாடம் நடத்த நான் யார்?

மதுரைக்குப் போய் எட்டுக் கடல் நத்தைகளை வாங்கிவந்து, அதில் ஏழு நத்தையைத் தொட்டியில் மேய விட்டுவிட்டார்.

மறுநாள் மிச்சமிருந்த எட்டாவதை ஈரத்தோடு ஒரு பாட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் பல்லே இல்லியே தாயி. எப்புடி மேயும்?"

"நாக்குலதான்யா பல்லு. ஆயிரக்கணக்குல இருக்கும்."

"நாக்குலயா? எங்க கொழுந்தியாளுக்கு அதேதான்." என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "என்னா தாயி, ஒரு மாதிரி பாக்குற?"

"எத்தன விட்டீங்க?"

"ஏழு."

"தொட்டி இன்னும் தயாராகலயே அய்யா."

அதோடு ஓட்டமாக ஓடினார். பேருந்து பிடித்து அய்யலூர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கவிழ்ந்து கிடந்தனவாம். மிச்சத்தைப் பொறுக்கி எடுப்பதற்குள் பாதி மணலுக்குள் புதைந்துகொண்டு, உள்ளேயே அழுகிவிட்டன. மூன்று நாள் கழித்து வந்தவர் துண்டைத் தோளில் போடாமல் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"கறிக்குப் போறது வேற தாயி. அதுக்குன்னு பொறந்தது, போகுது. எங்கிட்ட வளந்தது எங்கையிலயே செத்ததில்ல இதுவரைக்கும். தென்னமரத்தடியில பொதச்சேன்."

அந்தோணி சாருக்கு ஜோக் ஒன்று வாயில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அவர் அதை விழுங்கிவிட்டு எழுந்துபோய் மூன்று டீ சொன்னார்.

செத்த நத்தைகளால் அமோனியா மறுபடி ஏறியது. சுற்றத் தொடங்கிய வட்டம் திரும்ப முதலிலிருந்து. நான் அளவை எழுதித் தந்ததும் தரகர் அந்தத் தாளின்மேல் துண்டைப் போர்த்தினார்.

"நாலுன்னு போட்டிருக்க. பொம்பளப்புள்ள கையப் புடிக்கக் கூடாது, வாயால சொல்றேன். ரெண்டுன்னு முடிச்சுக்குவமா?"

"இதுல பேரம் இல்லைங்கய்யா."

"மூணு?"

"அய்யா."

துண்டை எடுத்துக்கொண்டார். "நீ நல்ல தரகி ஆகியிருக்க மாட்ட. ஆனா உங்கிட்டதான் வாங்கணும்."

முப்பது நாள் தாண்டியதும் பச்சைப் பாசி வந்தது. அது பழுப்புப் பாசி போலப் பொடி இல்லை, முடி. ஒவ்வொரு தடவை படம் காட்டும்போதும் ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது. கடைசிப் படத்தில் கல்லே தெரியவில்லை. ஏன் இப்படி வளர்கிறது என்று எனக்கும் பிடிபடவில்லை. தரகர் என்னிடம் கோபப்படவில்லை. ஒவ்வொரு தடவையும், "இன்னும் இம்புட்டு நாளு கெடக்கு தாயி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். யாருக்கு ஆறுதல் சொல்கிறார் என்று தெரியாது.

முப்பத்தேழாம் நாள் பவித்ரா தனியாக வந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, கையில் ஒரு நோட்டு.

"அக்கா, நான் தரகர் மக."

நோட்டைப் பிரித்துக் காட்டினாள். நாள்வாரியாகத் தண்ணீரின் சூடு, பாசியின் நிறம், நீளம் எல்லாம் அளந்து எழுதியிருந்தாள். பழுப்புப் பாசியை ஒரு பக்கத்தில் வரைந்தும் இருந்தாள். என் கையெழுத்தைவிட நல்ல கையெழுத்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அடுத்த ரிப்போர்ட்ல பூஜ்யம்னு போட்டுக் குடுங்கக்கா. ஒரே ஒரு தடவ. அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் வருது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது."

"தெரியாதுங்கறதாலதான் பவித்ரா, நான் எழுத முடியாது."

எங்கள் அப்பாவிடம் யார் எந்தத் தாளை நீட்டினாலும், "இதுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்பார். அவர்கள் சொல்வதை நம்பிப் பெருவிரலை ஊன்றுவார். அப்படி ஊன்றியதில் எங்களுக்குப் போனவை உண்டு. படித்த ஒருவர் பொய் எழுதிப் படிக்காத ஒருவர் கையில் கொடுப்பதைத் தாங்க முடியாமல்தான் நான் எழுத்தை இவ்வளவு பிடிவாதமாகக் கற்றேன் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் அவளிடம் சொல்லத் தெரியவில்லை. "முடியாதும்மா," என்று மட்டும் மறுபடி சொன்னேன்.

அவள் நோட்டை மூடினாள். "நீங்க படிச்சு முடிச்சிட்டீங்கல்லக்கா. அதான் உங்களுக்கு நேர்மையெல்லாம் வருது."

படியிறங்கிப் போனாள். அன்று மாலை வரை நான் எடுத்த ஒரு பரிசோதனையும் சரியாக வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அய்யலூருக்குப் பேருந்து ஏறினேன். தரகர் வீடு ஆட்டுப்பட்டியும் தென்னையும் சூழ்ந்த ஓட்டு வீடு. உள்ளே, நல்ல பகல் பதினொரு மணிக்குத் தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இத எப்ப போடுவீங்க, எப்ப அணைப்பீங்க?"

"அணைக்கிறதா? இருட்டுல அதுக என்னா செய்யும் பாவம்? வாங்குன நாள்ல இருந்து எரியுது."

இரவும் பகலும் வெயிலடிக்கிற வயலில் பாசிக்கு என்ன குறை? அது ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே தரகர் ஒரு சொம்பை எடுத்துப் போய் வாசல் குழாயில் பிடித்துவந்து தொட்டிக்குள் ஊற்றினார். ஆவியாகிப் போன தண்ணீரை ஈடுகட்டுகிறாராம்.

"அய்யா! போர் தண்ணி ஆகாதுன்னு சொன்னேன்ல!"

"கடலக் கரைக்கத்தான் ஆகாதுன்ன. இது குறைஞ்சதுக்கு ஊத்துறது. தண்ணி போனா கூடச் சேந்து உப்பும் கொஞ்சம் போயிருக்கும்ல? போர்ல ரெண்டு கிராம் உப்பு இருக்குன்னு நீதான சொன்ன. சரியாப் போச்சுன்னு ஊத்துறேன்."

ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. சொல்லத் தோன்றவில்லை, எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஆழ்துளைக் கிணறு ஆட்டுப்பட்டிக்கு நடுவில் நின்றது. முப்பது வருடத்துப் புழுக்கை ஊறிய மண். அவர் உப்பை மட்டும் பார்க்கச் சொன்னார், நானும் உப்பை மட்டும் பார்த்தேன்; அந்தத் தண்ணீரில் உரச்சத்து எவ்வளவு இருக்கும் என்று பார்க்கவில்லை. தினமும் ஒரு சொம்பு கணக்கில் முழுக் கிடையையும் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தப்பு என்னோடதும்தான்யா," என்றேன்.

"பாதி பாதி போட்டுக்குவோம்," என்றார் தரகர்.

விளக்கை அணைத்தோம். கல்லில் வளர்ந்த பாசியைக் கையால் பிடுங்க வேண்டும் என்றதும் ரோமம் கத்தரிக்கும் கத்தரியை எடுத்துவந்தார். கத்தரித்தால் துண்டுகள் மிதந்து வேறிடத்தில் முளைக்கும் என்று தடுத்தேன். மூன்று பேரும் முழங்கை வரை கடலுக்குள் கையை விட்டுப் பிடுங்கினோம். பவித்ரா என்னோடு பேசவில்லை. தரகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன்த்தா, உனக்காகத்தான பஸ் ஏறி வந்து பாசி புடுங்குறாக. ஒரு வாய் காப்பித் தண்ணி வேணுமான்னாச்சும் கேளு."

"காப்பி வேணுமாக்கா?" என்றாள், கல்லைப் பார்த்தபடி.

"வேணும்," என்றேன்.

ஒரு பக்கெட் நிறையப் பாசி வந்தது. அதை ஆடு முகர்ந்து பார்த்துத் தும்மியது.

நாற்பத்தேழாம் நாள், செவ்வாய்க்கிழமை மதியம், அப்பாவும் மகளும் சேர்ந்து மாடியேறி வந்தார்கள். பவித்ரா கையில் தண்ணீர் பாட்டில். தரகர் கையில் காற்றடைத்த பாலிதீன் பை. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன் ஒன்று. காலையிலேயே மதுரைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்.

"நாளைக்கு மண்டலம் முடியுது. இன்னிக்கு விட்டாத்தான நாளைக்கு நீந்தும்?" என்றார். பையை என் மேசைமேல் நிற்கவைத்து, சாயாமல் இருக்கத் துண்டை வளையமாகச் சுற்றி முட்டுக் கொடுத்தார். அவர் மகள் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். நடுவில் அந்த மீன் எங்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தது.

சோதனைக் குழாயில் மருந்தை விட்டுக் காத்திருந்தோம். மஞ்சளாகவே நிற்க வேண்டிய நிறம் மெல்லப் பச்சைக்குத் திரும்பியது. பிடுங்கியதுபோக மிச்சமிருந்த பாசி, வெளிச்சம் குறைந்து செத்து, தண்ணீரில் அழுகியிருக்கிறது.

"அரை," என்றேன்.

"அரைதானே?" என்றார் தரகர்.

"அரைன்னாலும் அமோனியா அய்யா. மீன் தாங்கலாம். தாங்காமலும் போகலாம்."

"ஒரே ஒரு நாள்தான்," என்றார் அந்தோணி சார். "நாளைக்கு நீந்திட்டா போதும்ல?"

தரகர் பையைக் கையில் எடுத்தார். "கெளம்புத்தா. போய் விட்ருவோம்."

பவித்ரா அசையவில்லை. "வேணாம்ப்பா."

"என்னாது?"

"பூஜ்யம் ஆகல. விடக் கூடாது."

"ஏய், விடலன்னா நீ தூத்துக்குடி போக முடியாது. தெரியும்ல?"

"தெரியும்." கன்னத்தில் ஓடிய கண்ணீரை அவள் துடைக்கவில்லை. "நத்தைகளப் பொதச்சப்ப நீ எப்புடி உக்காந்திருந்தன்னு பாத்தேன்ல. நான் பி.காமே படிக்கிறேன். இதக் கொண்டுபோய் கடையில குடுத்துட்டு வா."

பத்து நாள் முன்பு என்னிடம் பொய் ரிப்போர்ட் கேட்டவள் அவள். நான் குழாயைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். தரகர் மீன் பையோடு இறங்கி, மறுபடி மதுரைப் பேருந்து ஏறினார். கடைக்காரன் அவரை எப்படிப் பார்த்திருப்பான் என்று யோசித்தேன்.

புதன்கிழமை மாலை என் செல்போனுக்கு அழைப்பு. "தாயி, நாளைக்குக் காலையில ஏழு மணிக்குச் சந்தைக்கு வந்துரு. அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வா. நீதான் படிக்கணும்."

ஏனென்று சொல்லவில்லை. போனேன். ஆயிரம் ஆடுகள், அவற்றைவிடச் சத்தமாக மனிதர்கள். புழுதிக்கு நடுவில் தரகர் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றார், பக்கத்தில் பவித்ரா. சந்தைக்குள் பெண்பிள்ளை எதற்கு என்று நாலு பேர் முறைத்தார்கள். மற்ற தரகர்கள் கூடிவிட்டார்கள்.

"படி தாயி."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். "மாதிரி: கடல்நீர்த் தொட்டி. அமோனியா, லிட்டருக்கு அரை மில்லிகிராம். இருக்க வேண்டியது, பூஜ்யம்."

"எத்தன கிலோ அது?" என்றார் ஒருவர்.

"அரையாம்ப்பா. ஒண்ணுகூட இல்ல."

"அரைக்கா இம்புட்டுக் கூட்டம்? தள்ளிவிட்டு முடிச்சுவிடுய்யா மாமா!"

தரகர் கையை உயர்த்தினார். "எம் மககிட்டத் துண்டு போட்டுப் பேசி முடிச்சேன். நாப்பத்தெட்டு நாள்ல மீனு நீந்துனா படிக்க அனுப்புறேன், இல்லன்னா இல்லன்னு. நாள் முடிஞ்சிருச்சு. மீனு நீந்தல. எழுத்துல இருக்கு, கேட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனாலும் அனுப்பப் போறேன். பேச்ச மாத்துறேன். இத்தன வருசத்துல மொதத் தடவ. மறைவா மாத்துனான்னு யாரும் சொல்லிரக் கூடாதுன்னு இங்க வந்து சொல்றேன்."

தோளிலிருந்து துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார்.

"என்ன மச்சான், துண்டு ஈரமாயிருச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். நரைமீசைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "வாங்குனவளுக்கு லாபம்தானப்பா? லாபமா மாத்துனா அது மாத்துனதுல சேருமா?"

"மாத்துனது மாத்துனதுதான் சித்தப்பு," என்றார் தரகர். அதற்குத் தண்டனையும் தானே விதித்துக்கொண்டார். அடுத்த மூன்று வியாழக்கிழமை சந்தைக்கு வந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு ஆட்டுக்கும் பேசவில்லை. நாலாவது வியாழக்கிழமை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேர் அவரைத் தேடி வந்தார்களாம்.

சந்தை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது பவித்ராவிடம் கேட்டேன், அப்பா என்ன சொன்னார் என்று.

"ஒண்ணும் சொல்லலக்கா. மதுரையில இருந்து வந்து, தொட்டி முன்னால உக்காந்து, 'கடல வளக்கத் தெரியாதவன் நான்தான், நீ இல்ல'ன்னாரு. அப்புறம் சாப்பிட்டுப் படுத்துட்டாரு."

அப்ளிகேஷனைக் கடைசி நாளுக்கு முந்தின நாள், எங்கள் கூடத்துக் கணினியில்தான் போட்டோம். ஒன்பது நாள் கழித்துத் தொட்டி பூஜ்யத்துக்கு வந்தது. பவித்ரா தூத்துக்குடிக்குப் போன பிறகுதான் மீன் வந்தது, ஒன்றில்லை, இரண்டு. பாசி இப்போது கண்ணாடி ஓரத்தில் ஒரு கோடு போல இருக்கிறது. அதை மேய மூன்று நத்தைகள் இருக்கின்றன, மூன்றும் நலம்.

தரகர் இப்போதும் மாதம் ஒருமுறை பாட்டிலோடு வருகிறார். அந்தத் தண்ணீரில் பார்க்க ஒன்றுமே இல்லை. அமோனியா மட்டும் பார்த்தால் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம். நான் அப்படி அனுப்புவதில்லை. அவர் கேட்காத சோதனைகளையும் சேர்த்து ஒவ்வொன்றாகச் செய்கிறேன். எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவர் எதிரில் உட்கார்ந்து, பவித்ரா போனில் என்ன சொன்னாள் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.